திருமலைச்சாமி கை நனைத்த வீடு

என் அக்கா புருஷன் திருமலைச்சாமி ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நான் அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே, பத்துப் பேர் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார். பூண்டு மூட்டையை ஒற்றைக் கையால் ஜீப் மேலே ஏற்றுகிற ஆறடி ஆள், பயந்தவன் என்றால் கோபப்படாமல் சிரிக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். இப்போது நான் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் கிளாவரை. கொடைக்கானலில் பஸ் ஏறினால் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று போய்க்கொண்டே இருக்கும். இதற்கு மேல் ரோடு இல்லை என்று நிற்குமே, அதுதான் நாங்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிற ஜனம். மச்சானுக்குப் பூண்டுக் காடும் இருந்தது, ஒரு ஜீப்பும் இருந்தது. இருபது வருஷம் அந்த ரோட்டில் ஓட்டினார். மேகம் இறங்கி முன்னால் போகிற மாடு தெரியாத நாளிலும் ஹாரனை அடித்துக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். குடிப்பார். யார் குடிக்கவில்லை? சாயங்காலம் ஒரு குவாட்டர், நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட், எத்தனை என்று சொல்ல முடியாத டீ. எங்கள் குளிருக்கு இது மூன்றும் சாப்பாட்டோடு சேர்ந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், பூண்டு பிடுங்கப் போகிற ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் கவுஞ்சி ஊருக்கு மேலே ஒரு வளைவு. அங்கே வண்டியை நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்து இறங்கினார். இறங்கி ஓடினார்.

அந்த ஏழு பேரில் ராக்காயியும் ஒருத்தி. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ராக்காயி வாய்க்கு அண்டா மூடியே பத்தாது. “மனுசன் ஒண்ணுக்குப் போறாரு போலன்னு இருந்தோம். பாத்தா, யூக்கலிப்டஸ் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, சாகப் போறேன் சாகப் போறேன்னு அழுகுறாரு. நாங்க ஏழு பேரும் வண்டிக்குள்ள கெடக்கோம், சக்கரத்துக்குக் கல்லு வைக்கக்கூட ஆளில்ல” என்று கடை கடையாகச் சொன்னாள். அன்று சாயங்காலமே திருமலைச்சாமிக்கு எறங்குசாமி என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். நல்ல பெயர் என்று எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

அதன்பிறகு அது எப்போது வேண்டுமானாலும் வந்தது. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும், கை நடுங்கும், மூச்சு தொண்டையிலேயே நிற்கும், இத்தோடு முடிந்தது என்று தோன்றும். பிறகு போய்விடும். அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. ‘அது வருது’ என்பார். அக்கா ராஜகுமாரி கோடாங்கியைக் கூட்டி வந்தாள். அவன் உடுக்கை அடித்து, வளைவில் ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு போனான். கொடைக்கானலில் ஈசிஜி எடுத்தோம்; நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். கடைசியில் மச்சானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஒரு மடக்கு ஊற்றினால் அடங்குகிறது. சாயங்காலக் குவாட்டர் மத்தியானத்துக்கு வந்தது, மத்தியானத்திலிருந்து விடியற்காலைக்கு வந்தது. ஊற்றினால் அடங்கும், தெளிந்தால் இரண்டு மடங்காக வரும். ஜீப்பை நான் வாங்கி ஓட்ட ஆரம்பித்தேன். எறங்குசாமி வண்டியில் யார் ஏறுவார்கள்?

அவர் மகள் சுகன்யா கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷன் வேலையில் இருந்தாள். ஒரே பிள்ளை. அவள்தான் போனில் எதையெதையோ படித்துவிட்டு வந்து, “அப்பா, இது பேயும் இல்ல, ஹார்ட்டும் இல்ல. இதுக்குப் பேரு பேனிக் அட்டாக். டாக்டர் இருக்காங்க, மாத்திரை இருக்கு, வாங்க” என்று கையைப் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பயத்தை அடக்கணும்னு நீங்க உள்ள விடுறது மூணும் பயத்துக்குத் தீனி போடுது. சாராயம், சிகரெட், டீ காப்பி, மூணையும் விடணும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை வெச்சுக்கிட்டா வேலைக்காகாது” என்றாராம்.

பன்னிரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்துச் சாராயத்தை நிறுத்தினார்கள். பாதி ஆளாகத் திரும்பி வந்தார். ஊரே மெச்சியது. சாமி பெயரைச் சொல்லி மாலை போட்டுக் குடியை விடுகிறவனையெல்லாம் பார்த்த ஊர், ஆஸ்பத்திரியில் விட்டவனையும் மெச்சத்தான் செய்தது. இரண்டு மாதத்தில் சிகரெட்டையும் விட்டார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. டீயை விட்டார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. சாராயத்தை விட்டவனை ஊர் கும்பிடும்; டீயை விட்டவனைச் சந்தேகப்படும். எங்கள் ஊரில் எந்த வீட்டு வாசலை மிதித்தாலும் ‘வாங்க’ என்பதற்கு முன்னால் டீ வந்துவிடும். இவர் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். எங்க வீட்ல குடிக்க மாட்டாராமே, மருந்து கிருந்து வெச்சிருவோம்னு பயமா, அவ்வளவு பெரிய ஆளாயிட்டாரா என்று பொம்பளைகள் பேசுவார்கள். அவர் ஒரு பிளாஸ்க்கில் சுக்குத் தண்ணீரை ஊற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

அந்த பிளாஸ்க் எங்களுக்கு வெறும் வாய்க்குக் கிடைத்த அவலாகப் போயிற்று. ஜெயமுருகன் என்று எங்கள் ஊர் டீக்கடைக்காரன். ஒரு நாள் மச்சான் பிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் யாரையோ பார்க்கப் போனபோது, அவன் அதில் பாதியைக் கீழே கொட்டிவிட்டு, நல்ல திக்காக டீத்தண்ணியை ஊற்றி, கசப்புத் தெரியாமலிருக்க வெல்லமும் சுக்கும் தட்டிப் போட்டான். “டீ குடிச்சா அது வருமாம்ல, நெசமாலுமே வருதான்னு பாப்போம்” என்றான். நாலைந்து பேர் இருந்தோம். நான் சொந்த மச்சினன், நானும் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர் பூண்டுக் காட்டுக்குள் போய்ப் பார்த்தோம். வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. அந்தக் குளிரில் வேர்வை. ஜெயமுருகன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் அவர் பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். “வெல்லம் கொஞ்சம் கூடிப்போச்சு ஜெயமுருகா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கும் அவர் சாராயத்தைத் தொடவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நான் சொன்ன ஆள், நாங்கள் ஊற்றிவிட்ட பயத்தை வெறும் கையோடு தாங்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

சுகன்யாவுக்கு மட்டும் உறைத்தது. அப்பா விட்டால் நானும் விடுகிறேன் என்று அவளும் டீயை விட்டாள். தினம் சாயங்காலம் போன் செய்வாள். “எத்தனாவது நாளுப்பா?” என்பாள். அவர் சாராயத்தை விட்ட நாளிலிருந்து எண்ணிச் சொல்வார். நூற்றுப் பத்து, இருநூறு, முந்நூற்று நாற்பது. வேறு பேச்சு அதிகம் இருக்காது. அந்த எண்ணைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் பழைய ஜீப்புக்கார திருமலைச்சாமி குரலாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பண்ணைக்காட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் பெயர் செல்வமுருகன். காப்பியும் மிளகும் போட்டிருக்கிற குடும்பம். அவன் விடுதிக்குக் காப்பித்தூள் கொடுக்க வந்து போனதில் சுகன்யாவைப் பார்த்திருக்கிறான். அவளுக்கும் பிடித்திருந்தது. பையனின் அப்பா பழனிச்சாமி வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, “எனக்கு நகை நட்டுப் பேச்சே வேணாம். ஒண்ணே ஒண்ணுதான். குடிகாரன் வீட்ல சம்பந்தம் வெக்க மாட்டேன்” என்றார். காரணம் இருந்தது. அவருடைய மூத்த மகள் தாரணியைக் கட்டிய மருமகன் குடித்தே செத்துப்போனவன். தாரணி பிள்ளையோடு அப்பா வீட்டில்தான் இருந்தாள்.

“குடிக்கிறதை விட்டுட்டேங்க” என்று மச்சான் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, “எங்க மச்சானுக்கு அந்தப் பழக்கமே கெடையாதுங்க” என்றேன். விட்டவன் என்றால் முன்பு தொட்டவன் என்றுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரி, மாத்திரை, படபடப்பு என்று ஆரம்பித்தால் பைத்தியக்கார வீடு என்று ஓடிவிடுவார்கள். ஒன்றுமே சொல்ல வேண்டாம் என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். சுகன்யாவும் சரி என்றாள். மச்சானை யாரும் கேட்கவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். எங்கள் வழக்கத்தில் பெண் வராது. பெண்ணைப் பெற்றவர்களும் தாய்மாமனும் போவோம். வீடு பிடித்திருந்தால்தான் அங்கே வாயில் எதையும் வைப்போம். அதற்குக் கை நனைக்கிறது என்று பெயர். பிடிக்கவில்லையென்றால் எதையும் தொடாமல் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். வேண்டாம் என்று வாயால் சொல்லி யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. நனைத்துவிட்டால் அன்றைக்கே தட்டு மாற்றுவார்கள். பெண்ணின் அப்பா வெற்றிலை பாக்கு தேங்காய் பழத்தோடு பித்தளைத் தட்டைத் தன் கையால் நீட்ட, பையனின் அப்பா வாங்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் மாற்ற வேண்டும் என்று பேச்சு.

கிளம்பும்போது அக்கா மச்சான் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துவிட்டாள். படபடப்பு வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் கொடுத்தது. “சம்பந்தக்காரங்க வீட்ல குனியும்போது விழுந்து தொலைச்சா மானம் போயிரும்” என்று என்னிடம் சொல்லி, அரிசிப் பானைக்குள் வைத்தாள். அவரிடம் சொல்லவும் இல்லை.

பண்ணைக்காட்டு வீட்டு முற்றம் முழுக்கக் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. வரவேற்பில் குறையே இல்லை. பாய் விரித்து, பேச்சு கலகலவென்று போனது. பழனிச்சாமி மனைவி சண்முகசுந்தரி காப்பி கொண்டுவந்தாள். அவர்கள் காட்டுக் காப்பி, அவர்கள் வீட்டிலேயே வறுத்து இடித்தது, கருப்பட்டி போட்டுக் கறுப்பாக. முதலில் மச்சானிடம் நீட்டினாள்.

“எனக்கு வெந்நீ மட்டும் குடுங்கம்மா. காப்பி குடிக்கிறதில்ல” என்றார் மச்சான்.

சண்முகசுந்தரி டம்ளரைப் பிடித்தபடி புருஷனைப் பார்த்தாள். அவர்களுக்குச் சோற்றைவிடக் காப்பி பெரிது. பரம்பரையாகக் காப்பி போடுகிற குடும்பம். சம்பந்தம் பேச வந்தவர்கள் காட்டுக் காப்பியைக் குடித்த பிறகுதான் இலை போடுவார்கள். எங்கள் ஊருக்கு வந்து பூண்டைப் பார்த்து ஒருவன் மூக்கைப் பொத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர்களுக்கு.

“எங்க வீட்ல கை நனைக்க மனசு இல்லைன்னா சொல்லிருங்க. வருத்தப்பட மாட்டோம்” என்றார் பழனிச்சாமி. அவர் முகம் வருத்தப்பட்டுத்தான் இருந்தது.

“ஐயய்யோ, அதெல்லாம் இல்லைங்க. மச்சானுக்கு வயித்துப் புண்ணு” என்றேன்.

“பாலு ஊத்தித் தரச் சொல்றேன். ஒரு வாய் குடிக்கட்டும்.”

வயிற்றுப் புண்ணுக்குப் பால் நல்லதாயிற்றே. நான் சொன்ன பொய்யே என் கழுத்தைப் பிடித்தது. சிக்னல் இல்லை என்று வாசலுக்குப் போய்ச் சுகன்யாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். “அப்பாகிட்டக் குடுங்க மாமா” என்றாள். மச்சானை வாசலுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். கடைசியில் “சரிம்மா” என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கி, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் குடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சண்முகசுந்தரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “பாத்தீங்களா, எங்க காப்பி யாரையும் விடாது” என்று இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். அதையும் குடித்தார். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பட்டது போதும் என்று நினைத்திருப்பார்.

அரை மணியில் அது வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாகக் காப்பி படாத உடம்பு, அதில் இரண்டு டம்ளர் கறுப்புக் காப்பி, போதாக்குறைக்கு எல்லோர் கண்ணும் அவர் மேலேயே இருக்கிற ஒரு கூடம். முதலில் விரல், அப்புறம் மணிக்கட்டு. நெற்றியில் வேர்வை பூத்தது. கையைத் துண்டுக்கு அடியில் வைத்தார், துண்டு ஆடியது. சட்டைப் பையைத் தடவினார். மறுபடி தடவினார். அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

தாரணி உள் அறை வாசலில் நின்றிருந்தாள். அந்தக் கையை அவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அப்பாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். பழனிச்சாமி என்னைத் தனியாக முற்றத்துக்கு அழைத்துப் போனார்.

“நீங்க தாய்மாமன், அதனால உங்ககிட்டக் கேக்கேன். இந்தக் கையை எனக்குத் தெரியும். எங்க மருமகன் கை. காலையில ஊத்தலைன்னா இப்படித்தான் ஆடும்.”

“பழனி முருகன் மேல சத்தியமாச் சொல்றேன், எங்க மச்சான் பதினாலு மாசமாத் தொடலைங்க.” அவசரத்தில் உண்மை வந்துவிட்டது.

“பழக்கமே கெடையாதுன்னீங்க. இப்ப பதினாலு மாசம்ங்கீங்க.” அவர் என்னைத் திட்டவில்லை. “எங்க மருமகனும் நல்லாச் சத்தியம் பண்ணுவான். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு. சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. தட்டு இன்னொரு நாள் மாத்திக்கிடலாம்.”

இன்னொரு நாள் என்றால் எந்த நாளும் இல்லை என்று அர்த்தம். சுகன்யா அந்தப் பையனோடு போனில் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். “கிளாவரையில இருந்து கொண்டை ஊசி கொண்டை ஊசியா எறங்கி வந்ததுல மச்சானுக்குப் பித்தம் தூக்கிருச்சு. ஒரு பத்து நிமிசம் காத்தாட இருந்தா சரியாயிரும். பன்னெண்டுக்குள்ள வந்துருதோம்” என்று எதையோ உளறிவிட்டு, மச்சானைக் கையைப் பிடித்து ஜீப்புக்குக் கூட்டிப் போனேன்.

ஜீப் வீட்டுக்குப் பின்னால், ஆரஞ்சு மரத்துக்கு அடியில் நின்றது. டூல் பெட்டியில் ஒரு குவாட்டர் இருந்தது. திரும்பும்போது எனக்கு என்று வாங்கி வைத்தது. எடுத்து நீட்டினேன்.

“ரெண்டே மடக்கு. கை நின்னுரும். கொய்யா எலை தாரேன், மேல வெத்தலையைப் போட்டுக்கிடுங்க. வாடை ஒருத்தனுக்கும் தெரியாது.”

அவர் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியும் சேர்ந்து கடகடவென்று அடித்தது. “காப்பியோட போகட்டும் வேலு. இதை விட்டுரு. இதை மட்டும் விட்டுரு மாப்ளே” என்றார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “கொஞ்ச நேரத்துல தன்னால போயிரும். எனக்குத் தெரியும். போயிரும்.”

“எமகண்டம் காத்துக்கிட்டு இருக்குமா? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. குடிங்க மச்சான்.”

“நானூத்தி இருவது நாளு ஏலே.”

எனக்குக் கோபம் வந்தது. நாளாம் நாளு. பெற்ற பிள்ளை வாழ்க்கை ஒரு தட்டில் நிற்கிறது, இந்த மனுஷன் நாளை எண்ணுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. மறுபடி சுகன்யாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “உங்கப்பாவுக்குக் கை ஆடுது. குடிகாரன்னு சொல்லித் தட்டு மாத்த மாட்டேங்காங்க. ரெண்டு மடக்கு அடிச்சா நின்னுரும். மாட்டேங்காரு. நீயே சொல்லு” என்றேன்.

அந்தப் பக்கம் விடுதியில் யாரோ சாவி கேட்கிற குரல் கேட்டது. அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் மாமா என்று அவள் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு நின்றார். அது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகும் நான் போனை அணைக்கவில்லை.

“குடுத்துருங்க மாமா” என்றாள் சுகன்யா.

அவர் அழுகையை நிறுத்தினார். பாட்டிலை வாங்கினார். தண்ணீர் கலக்காமல் மூன்று மடக்கு குடித்தார்.

கை நின்றது. என்ன சொல்ல, கல்லு மாதிரி நின்றது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பித்தளைத் தட்டை எடுத்து நீட்டினார். தேங்காய் உருளவில்லை, ஒரு பாக்குக்கூட அசையவில்லை. பழனிச்சாமி தட்டைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சிருங்க சம்பந்தி. சூடு கண்ட பூனைங்க நாங்க. ஒரு நல்ல மனுசனைத் தப்பா நெனச்சுட்டேன்” என்றார். குடிக்காமல் வந்து உட்கார்ந்தவரைக் குடிகாரன் என்றார்கள். குடித்துவிட்டு வந்தவர் கையைப் பிடித்து நல்ல மனுஷன் என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது அப்போது. சாமர்த்தியக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மிச்சத்தையும் அவரே குடித்தார். கேட்டு வாங்கவில்லை, பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் சுகன்யா போன் செய்து, மாப்பிள்ளை வீடு, முற்றம், மாமியார் என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டாள். அப்பாவிடம் பேசினாள். எத்தனாவது நாள் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

வைகாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. அதற்குள் சிகரெட் வந்துவிட்டது, டீ வந்துவிட்டது, விடியற்காலை மடக்கும் வந்துவிட்டது. திண்டுக்கல்லுக்கு மறுபடி போவோம் என்று ஒருமுறை சொன்னேன். “யாரு கூட்டிட்டுப் போறா?” என்று கேட்டார். நான் கூட்டிப் போயிருக்கலாம். கூட்டிப் போகவில்லை. ஊருக்கு மட்டும் பெரிய சந்தோஷம். ஜெயமுருகன் கடையில் அவருக்கு முதல் டீ சும்மா கொடுத்தான். ஜீப்பைத் திரும்ப வாங்கி ஓட்டினார். பெண்கள் ஏறினார்கள். ராக்காயி சொன்னாள், “குடிச்சாலும் இப்ப எறங்கி ஓட மாட்டேங்காருல்ல, அது போதும்.” எறங்குசாமி என்ற பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இந்தத் தையில் தலைப்பொங்கல் சீர் கொண்டுபோனோம். அக்காவுக்குக் காய்ச்சல்; நானும் அவரும்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, பானை, எங்கள் காட்டுப் பூண்டு ஒரு மூட்டை. அந்த வீட்டு வாசலை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிடும், அதனால் வழியிலேயே ஊற்றிக்கொண்டார். கொய்யா இலை தேடவில்லை. நானும் பறித்துக் கொடுக்கவில்லை.

பழனிச்சாமி கேட்டில் எதிரே வந்தார். இரண்டடி தூரத்திலேயே வாசனை பிடித்துவிட்டார். அவர் கத்தவில்லை. “சீரை இங்கயே எறக்கிட்டுப் போயிருங்க. தாரணி பிள்ளை இருக்கு உள்ள. இந்த வாடையை அது ஒருதடவை பாத்தாச்சு” என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுகன்யா வெளியே வந்தாள். ஏழாம் மாதம். கையில் பாதி குடித்த காப்பி டம்ளர் இருந்தது.

மச்சான் நிமிர்ந்து நின்றார். சிரிக்க முயற்சி செய்தார். “எப்படி இருக்க தாயி?” என்றார்.

அவள் மாமனாரைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். “ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க? எத்தனை கஷ்டப்பட்டு விட வெச்சேன். இனிமே குடிச்சுட்டு இங்க வராதீங்கப்பா. எனக்கு இந்த வீட்ல மரியாதை வேணும்” என்றாள்.

யார் சொல்லிக் குடித்தார் என்று கேள் புள்ளே, உன் மாமனாரை வைத்துக்கொண்டே சொல்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். தட்டு மாற்றிய கைதான். அன்றைக்கு மாதிரியே உறுதியாக இருந்தது.

“சரிம்மா. இனி வரலை” என்றார்.

பானையை இறக்கினோம், கரும்பை இறக்கினோம், பூண்டு மூட்டையை அவர் ஒற்றைக் கையால் தூக்கிக் கேட்டுக்கு உள்ளே வைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள். வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். பண்ணைக்காடு பிரிவைத் தாண்டினோம்.

“ஏலே வேலு, வண்டியில இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.